படகின் பின்னே இழுபடும் மிதவை

கோவாக் கடற்கரையிலும், கொங்கணத்து மால்வணிலும், அந்தமான் தீவுகளிலும் விடுமுறைக் காலத்தில் அடிக்கடி காணப்படும் காட்சி ஒன்று உண்டு. சிறிய இயந்திரப் படகொன்று, காற்றடைத்த மிதவையை நீண்ட கயிற்றால் இழுத்துக்கொண்டு நீரைக் கிழித்து விரைகிறது. வட்டமான மிதவையாயின் அதில் ஒருவரோ இருவரோ படுத்திருப்பர். வாழைப்பழ வடிவினதாயின் நாலைந்து பேர் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்திருப்பர். கல்விச் சுற்றுலாவுக்கு வரும் மாணவர் இதனைக் கண்டதும் ஏற ஆசைப்படுவது இயல்பே. உடன் வரும் ஆசிரியரும், நீர்நிலைகளில் பணிபுரியும் அலுவலரும் இவ்விளையாட்டில் செயற்படும் விசைகளை அறிந்திருப்பின், எதனை அனுமதிக்கலாம், எதனைத் தடுக்க வேண்டும் என்பதை அவ்விடத்திலேயே தீர்மானித்தல் கூடும்.

இங்கு முதலில் உணரவேண்டிய உண்மை, மிதவைக்குச் சுக்கானும் இல்லை, வேகத்தைத் தணிக்கும் கருவியும் இல்லை என்பதாகும். நீர்ச்சறுக்குப் பலகையில் நிற்பவர் தம் பாதையை ஓரளவேனும் தாமே மாற்றிக்கொள்ளலாம். மிதவையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய பாதையும் வேகமும் படகோட்டியின் கையிலேயே உள்ளன.

திருப்பத்தின் கணக்கு

நேராகச் செல்லும்வரை படகின் வேகமும் மிதவையின் வேகமும் ஒன்றே. படகு சட்டென்று திரும்பும்போதோ நிலைமை மாறுகிறது. இயங்கும் பொருள் நேர்கோட்டிலேயே தொடர்ந்து செல்ல முற்படும். கயிறு அதனை உள்நோக்கி இழுக்கும். வழுக்கிச் செல்லும் மிதவைக்கு நீரின் தடை குறைவாதலால், அது படகின் வளைவுக்கு வெளியே வீசப்பட்டுப் பெரிய வட்டத்தில் சுழல்கிறது.

படகு 20 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். மிதவை 30 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில், படகுடன் ஒன்றாகவே சுற்றி வருமாயின், அதன் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் ஆகிவிடும். படகோட்டியின் முன்னுள்ள வேகமானியோ 24 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அபாயத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

வேகம் ஒன்றரை மடங்கானால், அதன் வர்க்கத்துக்கு ஏற்ப இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. வேறு விதமாகக் கூறின், மணிக்கு 24 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 2.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் அடையும் வேகம். 36 கிலோமீட்டர் என்பது 5 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து விழுபவர் அடையும் வேகம். நீர் மென்மையானது என்னும் எண்ணம் அவ்வேகத்தில் பொய்த்துவிடும். அருகில் பாறையோ, படகுத்துறையோ, வேறு படகோ இருப்பின் விளைவு இன்னும் கொடியதாகும்.

ஆகவே, திரும்புமுன் வேகத்தைக் குறைத்து, அகன்ற வளைவாகத் திரும்புதலே முறை. பெரியவர்களை இழுக்கையில் மணிக்கு 32 கிலோமீட்டரும், சிறுவரை இழுக்கையில் 24 கிலோமீட்டரும் மேல்வரம்பாகக் கொள்ளப்படுகின்றன. மிதவை இருபுறமும் வீசப்படக் கூடுமாதலால், படகின் இரு பக்கங்களிலும் கயிற்றின் நீளத்தைப்போல் இரு மடங்கேனும் தடையற்ற நீர்ப்பரப்பு இருத்தல் நலம்.

கயிறும் காற்றும்

கயிறு 15 முதல் 20 மீட்டர் வரை நீளமுடையதாக இருக்க வேண்டும். மிகக் குட்டையாயின் மிதவை, படகெழுப்பும் அலையிலும் கார்பன் மோனாக்சைடு கலந்த இயந்திரப் புகையிலும் சிக்கும். மிக நீளமாயின் அது வீசப்படும் வட்டம் பெரிதாகும். ஒருவர் ஏறும் மிதவைக்கு ஏறத்தாழ 680 கிலோகிராமும், இருவர் ஏறுவதற்கு 1,080 கிலோகிராமும், நால்வர் ஏறுவதற்கு 1,860 கிலோகிராமும் தாங்கவல்ல கயிறு தேவை. ஏறுவோரின் எடையைவிட இவை பன்மடங்காக இருப்பதற்குக் காரணம் உண்டு. தளர்ந்த கயிறு திடீரென விறைக்கும்போதும், மிதவையின் முனை நீருள் புதையும்போதும் இழுவிசை வெகுவாக உயர்கிறது.

நைலான் கயிறு மிகுதியாக நீளக்கூடியது. அவ்வாறு நீண்ட நிலையில் அறுந்தால், அதில் தேங்கிய ஆற்றல் அறுந்த முனையைச் சாட்டைபோல் வீசும். எனவே மிகுதியாக நீளாததும், நீரில் மிதப்பதுமான பாலிஎதிலீன் கயிறு ஏற்றது. முடிச்சும் உராய்வும் கயிற்றின் வலிமையைக் குறைக்கும். படகின் பின்புறத்தில் இழுப்பதற்கென்றே அமைந்த உறுதியான வளையத்தில் கயிற்றைப் பிணைக்க வேண்டும். கைப்பிடிக் கம்பியில் கட்டலாகாது.

காற்றுக் குறைந்த மிதவை நீரில் அமிழ்ந்து, இழுவிசையைப் பெருக்கும். முற்றும் நிரப்பிய மிதவையை வெயிலில் கிடத்தினால், உள்ளிருக்கும் காற்று சூடேறி அழுத்தம் மிகுந்து, தையல் விடக்கூடும். ஆதலின் ஒவ்வொரு முறையும் ஏறுமுன் மிதவையை அழுத்திப் பார்த்தல் நன்று.

படகில் இருவர்

முன்னே பார்க்கும் படகோட்டி பின்னேயும் பார்த்தல் இயலாது. மிதவையை மட்டுமே கவனிக்கும் மற்றொருவர் படகில் இருந்தே ஆகவேண்டும். இயந்திர ஓசையில் சொற்கள் கேளா. எனவே சைகைகளை முன்னரே பேசி வைத்தல் வேண்டும். கட்டைவிரலை மேலே காட்டினால் வேகம் கூட்டுக என்பதும், கீழே காட்டினால் குறைக்க என்பதும், கையைக் கழுத்தின் குறுக்கே அசைத்தால் நிறுத்துக என்பதும் பொருள். விழுந்தவர் நலமாக இருப்பின் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். காட்டாவிடில் கணமும் தாமதித்தல் கூடாது.

நன்கு நீந்தத் தெரிந்தவரும், விழுந்த அதிர்ச்சியில் சில கணம் செயலற்றுப் போகக்கூடும். ஆகவே உயிர்காப்புச் சட்டை அனைவருக்கும் இன்றியமையாதது. அது உடலளவுக்குப் பொருந்தி, கொக்கிகள் யாவும் மாட்டப்பட்டிருக்க வேண்டும். கைப்பிடியையோ கயிற்றையோ மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது பெருந்தவறு.

விழுந்தவரிடம் மெதுவாகத் திரும்பி வந்து, அவர் படகோட்டியின் பார்வையில் இருக்கும் வண்ணம் அணுக வேண்டும். அவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வருமுன் இயந்திரத்தை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். படகைத் தள்ளும் சுழல்விசிறி வினாடிக்குப் பலமுறை சுழல்வது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் கைபிசகி இணைப்பு விழுந்தாலும் அது சுழலத் தொடங்கிவிடும்.

ஏறுமுன் கேட்க வேண்டியவை

படகோட்டி பயிற்சி பெற்றவரா, கவனிப்போர் ஒருவர் உண்டா, அனைவருக்கும் உயிர்காப்புச் சட்டை உள்ளதா, ஏறுவோர் தொகை மிதவையில் குறித்த அளவுக்கு உட்பட்டதா என்னும் நான்கு வினாக்களை ஆசிரியர் தயங்காமல் கேட்க வேண்டும். ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில், மாணவரை ஏற்றாதிருப்பதே கடமை. நீர்விளையாட்டுகளில் பயிற்சியளிக்கும் மத்திய அரசின் தேசிய நிறுவனம் கோவாவில் இயங்கி வருகிறது.

இதன் அடிப்படையைப் பள்ளி மைதானத்திலேயே விளக்கலாம். பத்து மாணவரைக் கைகோத்து வரிசையாக நிறுத்தி, ஒரு முனையில் இருப்பவரை நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பச் செய்க. அவர் அருகில் உள்ளவர் நடந்தால் போதும். மறுமுனையில் உள்ளவரோ ஓடினாலன்றி வரிசை நேராக நில்லாது. மிதவையில் இருப்பவர் அந்தக் கடைசி மாணவரைப் போன்றவர் என்பதை இச்சோதனை மாணவர் மனத்தில் நன்கு பதிய வைக்கும்.