பதினாறு தந்திகளும் நான்கு மனமும்



கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது, பாடகருக்குப் பக்கத்தில் ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்து பிடில் வாசிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பிடிலின் தலைப்பகுதி அவருடைய காலில் ஊன்றியிருக்கும். வலக்கை வில்லை இழுக்கும். இடக்கை விரல்கள் தந்திகளின்மேல் வழுக்கி ஓடும். நம் இசையோடு இவ்வளவு ஒட்டிப்போன இந்தக் கருவி ஐரோப்பாவிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் போன்றவர்கள் இதனைக் கற்றுக் கர்நாடக இசைக்கும் உரியதாக்கினார்கள்.

அந்தப் பிடில் தான் பிறந்த இடத்தில் எவ்வாறு வாழ்கிறது? அதற்கு அங்கே பல வேலைகள் உண்டு. அவற்றுள் மிகவும் கடினமானது என்று இசைவாணர்கள் கருதும் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அதுதான் நரம்பிசை நால்வர் குழு. நான்கு பேர், நான்கு கருவிகள், கருவிக்கு நான்காகப் பதினாறு தந்திகள். பாடகர் இல்லை, மத்தளம் இல்லை. முன்னால் நின்று கோலை அசைத்து வழிநடத்துபவரும் இல்லை.

முதலில் கருவிகளைத் தெரிந்துகொள்வோம். நால்வரில் இருவர் வயலின் வாசிப்பார்கள். வயலின் என்பது நம் பிடில்தான். அங்கே அதை மோவாயின் கீழே அணைத்து வாசிப்பார்கள். மூன்றாமவர் கையில் இருப்பது வயோலா. பார்ப்பதற்கு வயலின் போலவே இருந்தாலும் சற்றுப் பெரியது, குரல் கனமானது. நான்காமவர் வாசிப்பது செல்லோ. நாற்காலியில் அமர்ந்து, கருவியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார். அதன் குரல் வயோலாவைவிட இன்னும் கீழே இறங்கும்.

வில்லில் கட்டியிருப்பது குதிரையின் வால்மயிர். வெறும் மயிர் தந்தியைப் பற்றாது, வழுக்கிக்கொண்டு போகும். அதனால் அதன்மேல் ஒருவகைப் பிசின்கட்டியைத் தேய்ப்பார்கள். அந்தப் பிசின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பைன் மரத்தின் பட்டையைக் கீறி, வழிகிற பாலைச் சேர்த்து, காய்ச்சி எடுப்பது. பால்மரம் வெட்டுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கோ ஒரு காட்டில் ஒரு தொழிலாளி மரத்தைக் கீறியிராவிட்டால், அந்த மண்டபங்களில் எழும் இசையும் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவில் வாழ்ந்த ஜோசப் ஹைடன் என்பவரே இவ்வகை இசைக்குத் தந்தை எனப் போற்றப்படுகிறார். அவர் நால்வருக்கென்று 68 படைப்புகள் எழுதினார். பின்னால் வந்த மோசார்ட் 23 எழுதினார். பேத்தோவன் 16 எழுதினார். அந்த இசை முழுவதும் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. நால்வரும் அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். அப்படியானால் இதில் என்ன கடினம் என்று கேட்கலாம்.

தாளில் ஸ்வரம் இருக்கும். எத்தனை உரக்க, எத்தனை வேகத்தில், எந்த இடத்தில் மூச்சுவிட வேண்டும் என்பது முழுமையாக இருக்காது. பெரிய வாத்தியக் குழுவாக இருந்தால் நெறியாளர் முடிவு செய்வார். வெட்டுக்காட்டில் தண்டல் சொன்னபடி வேலை நடப்பது போல அங்கே நடந்துவிடும். நால்வர் குழுவிலோ தண்டல் கிடையாது. நால்வரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நான்கு என்பதோ இரட்டைப்படை எண். இருவர் ‘வேகமாக’ என்பார்கள். இருவர் ‘நிதானமாக’ என்பார்கள். யார் தீர்த்து வைப்பது?

இந்தச் சிக்கலோடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து காட்டிய ஒரு குழு உண்டு. அமதேயஸ் நால்வர் குழு என்பது அதன் பெயர். அவர்களுடைய கதையைச் சொல்கிறோம்.

1938-ஆம் ஆண்டில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. யூத மக்களின் உயிருக்கு ஆபத்து வந்தது. வியன்னா நகரில் வயலின் கற்றுக்கொண்டிருந்த மூன்று யூதச் சிறுவர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, இங்கிலாந்துக்கு அகதிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். நார்பர்ட் பிரைனின், சீக்மண்ட் நிசல், பீட்டர் ஷிட்லோஃப் என்பவை அவர்களுடைய பெயர்கள். 1940-இல் போர் முற்றியபோது, ஜெர்மானியரையும் ஆஸ்திரியரையும் ‘எதிரி நாட்டார்’ என்று சொல்லி ஆங்கில அரசாங்கம் பிடித்து அடைத்தது. ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு தடுப்பு முகாமில் ஷிட்லோஃப் பிரைனினைச் சந்தித்தார். பிறகு மேன் தீவில் இருந்த முகாமில் நிசலைச் சந்தித்தார். முள்வேலிக்குள் தொடங்கிய நட்பு அது.

விடுதலையான பிறகு, லண்டனில் மேக்ஸ் ரோஸ்டால் என்னும் வயலின் ஆசிரியர் அவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தார். லண்டனில் பிறந்த மார்ட்டின் லவெட் என்ற இளைஞர் செல்லோவோடு வந்து சேர்ந்தார். 1947-இல் குழு உருவாயிற்று. 1948-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், லண்டன் விக்மோர் மண்டபத்தில் ‘அமதேயஸ்’ என்ற பெயரோடு முதல்முறையாக மேடை ஏறினார்கள். அமதேயஸ் என்பது மோசார்ட்டின் நடுப்பெயர்.

இங்கே நாம் ஒரு செய்தியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அகதிகள் மூவரும் வயலின் கலைஞர்கள். குழுவில் வயலினுக்கு இருப்பதோ இரண்டே இடம். யாராவது ஒருவர் வயலினைக் கீழே வைத்துவிட்டு வயோலாவை எடுக்க வேண்டும். ஷிட்லோஃப் எடுத்தார். முதல் வயலினுக்கு இருக்கும் பகட்டு வயோலாவுக்கு இல்லை. அது நடுவில் நின்று, மேலே போகும் குரலையும் கீழே நிற்கும் குரலையும் இணைப்பது. ஆனால் உலகின் தலைசிறந்த வயோலாக் கலைஞர்களுள் ஒருவராக ஷிட்லோஃப் பெயர் பெற்றார். இத்தாலியின் புகழ்பெற்ற கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1719-இல் செய்த அரிய வயோலா ஒன்று பிற்காலத்தில் அவர் கையில் ஒலித்தது. விட்டுக்கொடுத்தவர் தாழ்ந்துபோகவில்லை.

இரண்டாம் வயலினும் அப்படித்தான். ‘இரண்டாம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன், முதல் இடம் கிடைக்காதவர் என்று எண்ணிவிடுகிறோம். முதல் வயலின் பாடும்போது அதைத் தாங்குவதும், மறுநொடி தானே பாட்டை வாங்கிக்கொள்வதும், அடுத்த நொடி ஒதுங்கிக்கொள்வதும் அவருடைய வேலை. நிசல் அந்த வேலையை அந்த நாற்பது ஆண்டுகளும் செய்தார். பள்ளி நாடகத்தில் ராஜா வேடம் தன் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று மனம் வருந்தும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, இவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். காலையில் தனித்தனியே சாதகம். பிறகு நால்வரும் கூடி மணிக்கணக்காக ஒத்திகை. வயலின் இனத்துக் கருவிகளில் வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் கிடையாது. விரல் ஒரு நூலிழை தள்ளிப் பட்டாலும் சுருதி விலகும். நான்கு பேர் நான்கு வெவ்வேறு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது, ஒருவர் தன் அளவில் சரியாக வாசித்தாலும், மற்ற மூவரோடு சேரும்போது அது பொருந்தாமல் போகலாம். அப்போது அவர் விரலை மயிரிழை நகர்த்தித் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டும். ‘நான் சரியாகத்தான் வாசித்தேன்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நால்வரும் சேர்ந்து சரியாக இருக்க வேண்டும்; அல்லது நால்வரும் தவறு.

தொடங்குவதற்கு யாரும் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுவதில்லை. முதல் வயலின்காரர் மூச்சை உள்ளே இழுப்பார். அந்த மூச்சின் அளவிலேயே வேகம் அடங்கியிருக்கும். மற்ற மூவரும் அதைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, ஒரே நொடியில் வில்லை வைப்பார்கள்.

ஒத்திகையில் சண்டை வராதா? வரும். அமதேயஸ் குழுவினர் கடுமையாக வாக்குவாதம் செய்தவர்கள் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் என்று நின்றுவிட்டால் நால்வர் குழுக்கள் பல கையாளும் ஒரு வழி உண்டு. இன்று ஒருவர் சொன்னபடி முழுமனத்தோடு வாசிப்பது. நாளை மற்றவர் சொன்னபடி அதே மனத்தோடு வாசிப்பது. பிறகு காது தீர்ப்புச் சொல்லட்டும் என்று விடுவது. இதில் ‘முழுமனத்தோடு’ என்பதுதான் முக்கியம். எதிராளியின் கருத்தை வேண்டுமென்றே மோசமாக வாசித்துக் காட்டி, ‘பார்த்தாயா, நன்றாக இல்லை’ என்று சொல்லத் தொடங்கினால், அந்தக் குழு நெடுநாள் நிலைக்காது. நம் வீடுகளும் அப்படித்தான்.

அடுத்தது பயணம். ஓராண்டில் பல மாதங்கள் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். இன்று ஓர் ஊர், நாளை வேறு நாடு. மனைவி மக்களைவிட மற்ற மூவரின் முகத்தையே அதிகம் பார்க்கும் வாழ்க்கை. செல்லோவைச் சரக்கோடு சேர்த்துப் போட்டால் உடைந்துவிடக்கூடும் என்பதால், விமானத்தில் அதற்கும் ஓர் இருக்கைக்குப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. மனிதர் நால்வர்; பயணச்சீட்டோ ஐந்து! வரும் ஊதியத்தை நான்காகப் பங்கிட வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்ற மூவருக்கும் வேலை இல்லை.

மேடையைப் போலவே முக்கியமானது ஒலிப்பதிவு. அமதேயஸ் குழுவினர் பேத்தோவனின் நால்வர் இசை முழுவதையும் 1959 முதல் 1963 வரை பதிவு செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் கைதட்ட ஆள் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும் வாசிக்கத் தொடங்க வேண்டும். நாற்காலி கிறீச்சிட்டாலும், தாளைப் புரட்டும் ஓசை கேட்டாலும் மறுபடியும் முதலிலிருந்து. அடுத்த அறையில் ஒருவர் இசைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அந்த இடத்தில் வயோலா சற்றுப் பிந்தியது’ என்று ஒலிபெருக்கியில் சொல்வார். ஒரே பகுதியைப் பலமுறை வாசித்து, அவற்றுள் நல்லவற்றை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டுவதும் அக்காலத்தில் உண்டு. காலையில் வாசித்ததும் சாப்பாட்டுக்குப் பின் வாசித்ததும் ஒரே வேகத்தில், ஒரே உணர்ச்சியில் இருந்தால்தான் ஒட்டு தெரியாது.

நம் குரலை முதன்முறை ஒலிப்பதிவில் கேட்டால், ‘இதுவா நம் குரல்?’ என்று திகைக்கிறோம் அல்லவா? அவர்களுக்கும் அதே திகைப்புத்தான். தாம் மென்மையாக வாசித்ததாக நினைத்த இடத்தில் தம் கருவியே எல்லாரையும் அமுக்கிக்கொண்டு ஒலிப்பதைக் கேட்க நேரும். நண்பர் பத்து முறை சொல்லியும் ஒப்புக்கொள்ளாத தவற்றை, ஒலிப்பதிவு ஒரே முறையில் ஒப்புக்கொள்ள வைக்கும். ஆனால் தவறே இல்லாமல் வாசிக்க வேண்டும் என்ற அச்சம் மிகுந்தால் இசை உயிரற்றுப் போகும். ஆளில்லாத கூடத்திலும் யாருக்கோ வாசிக்கிறோம் என்ற நினைவை விடாமல் இருப்பதே பதிவின் மிகப் பெரிய கடினம்.

இங்கிலாந்தின் பெரும் இசைமேதை பெஞ்சமின் பிரிட்டன், நோயுற்றிருந்த தம் கடைசிக் காலத்தில், இந்தக் குழுவுக்காகத் தம் மூன்றாவது நால்வர் இசையை எழுதினார். குழுவினர் அவரிடம் சென்று வாசித்துக் காட்டினார்கள். 1976-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அதே மாதம் 19-ஆம் நாள், அவர் வாழ்ந்த பகுதியிலுள்ள ஸ்னேப் என்னும் ஊரின் மண்டபத்தில் நால்வரும் அதை அரங்கேற்றினார்கள். எழுதியவர் கேட்க முடியாத அரங்கேற்றம் அது.

1987-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பீட்டர் ஷிட்லோஃப் காலமானார். அதுவரை அந்தக் குழுவில் ஓர் ஆள்கூட மாறியதில்லை. மற்ற மூவரும் என்ன செய்தார்கள்? உலகில் நல்ல வயோலாக் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் போனால் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு தொடரும் குழுக்கள் பல உண்டு. அமெரிக்காவில் 1946-இல் தொடங்கிய ஜூலியார்டு நால்வர் குழுவில் தொடக்கக் கால உறுப்பினர் அனைவரும் காலப்போக்கில் மாறிய பின்னும் குழு தொடர்ந்தது. அதுவும் தவறில்லை, கற்றது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் அமதேயஸ் மூவர், ஷிட்லோஃப் இல்லாமல் அமதேயஸ் இல்லை என்று முடிவு செய்து குழுவைக் கலைத்துவிட்டார்கள். பின்னர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிரைனின் 2005-இலும், நிசல் 2008-இலும், லவெட் 2020-இலும் மறைந்தார்கள்.

முன்வரிசையில் நின்ற முதல் வயலினுக்காக அல்ல, நடுவில் நின்ற வயோலாவுக்காக அந்தக் குழு கலைந்தது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். வெளியே நின்று கேட்டவர்களுக்கு அந்தக் குரல் தனியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். பக்கத்தில் அமர்ந்து நாற்பது ஆண்டுகள் வாசித்தவர்களுக்குத் தெரியும், அது இல்லாவிட்டால் என்ன இல்லாமல் போகும் என்று.

அடுத்த முறை வானொலியில் பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் இசை வந்தால், நேயர்கள் ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். முதலில் காதில் விழும் உரத்த குரலை விட்டுவிட்டு, அதற்குக் கீழே போகும் குரலைத் தேடிப் பிடியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடச் சொல்லுங்கள். முதலில் கிடைக்காது, சற்றுப் பொறுமையாகக் கேட்டால் கிடைக்கும்.