கடலில் கரையும் சிவப்பு

கடலுக்கடியில் எடுக்கும் படங்கள் ஏன் ஒரே நீலமாக இருக்கின்றன? வெயிலில் இருக்கும் சிவப்பைத் தண்ணீர்தான் முதலில் விழுங்குகிறது. ஐந்தாறு மீட்டர் ஆழத்திலேயே செக்கச்செவேலென்ற பவளம் சாம்பல் பூசியதுபோல் மங்கிவிடும். கையடக்கக் கேமராவின் நீர்புகா உறைக்கு முன்னால் சிவப்பு ஃபில்டரை மாட்டினால், அது நீலத்தையும் பச்சையையும் மட்டுப்படுத்தும். எஞ்சிய சிவப்பு துலங்கும். இல்லாத நிறத்தை அது உண்டாக்காது. அதனால் மிக ஆழத்தில் பயனில்லை.

குட்டி இறாலையும் வண்ணக் கடல்நத்தையையும் நெருங்கி எடுக்க, தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் குளோசப் லென்ஸ் இருக்கிறது. அப்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஃபிளாஷ் போடுவதே நல்லது; அத்தனை அருகில் அந்த வெளிச்சமே நிறத்தை அழகாக மீட்டுத் தரும். லென்ஸுக்கும் உறைக்கும் இடையில் சிக்கிய காற்றுக்குமிழியை மட்டும் வெளியேற்றிவிட வேண்டும்.