கோடம்பாக்கத்து நிலவும் பெசன்ட் நகர் ஆமையும்

கோடம்பாக்கத்தில் ஆற்காடு சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்ததும் பால்கனிகளில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிடும். அப்படி ஒரு டிசம்பரில் எதிர் ஃபிளாட் சிறுமிக்கு வெளிநாட்டில் இருக்கும் அவள் மாமா ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பனிக்கரடி பொம்மை. கூடவே, நீ ஒரு பனிக்கரடியைத் தத்தெடுத்திருக்கிறாய் என்று அவள் பெயர் போட்ட சான்றிதழ். மேலை நாடுகளில் கிறிஸ்துமஸ் பரிசாக இதைக் கொடுப்பது வழக்கம். உலக வனவிலங்கு நிதியம் போன்ற அமைப்புகளுக்கு அந்தப் பணம் போகும். உலகத்தில் மிஞ்சியிருக்கும் சுமார் 26,000 பனிக்கரடிகளைக் காக்கும் வேலைக்கு உதவும்.

கரடியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். இந்த மாதத்தில்தான் தாய்க்கரடி பனிக்குள் குகை தோண்டிக் குட்டி போடும், பெரும்பாலும் இரண்டு, ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பொம்மையின் காதைத் தடவிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “ஆன்ட்டி, நம்ம ஊர்ல இப்போ எதுவும் குட்டி போடாதா?”

போடும். முட்டையாகப் போடும், அதுவும் நம் கடற்கரையிலேயே.

மார்கழிக் கச்சேரிகள் முடிந்து பொங்கல் நெருங்கும் நாட்களில் பங்குனி ஆமைகள் சென்னைக் கரையேறத் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். நம் மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் ஆயிரக்கணக்கில் ஒன்றாக வரும். இங்கே தனித்தனியாக, நள்ளிரவில், ஓசையில்லாமல் வரும். நாற்பது கிலோ எடையைத் துடுப்புகளால் இழுத்து மணலேறி, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பானை வடிவில் குழி பறித்து, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பனிக்கரடித் தாய் குட்டிகளை இரண்டு வருடத்துக்கு மேல் கூடவே வைத்திருப்பாள். ஆமைத் தாய் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மணலின் சூடுதான் அடைகாக்கிறது, நாற்பத்தைந்து நாள், ஐம்பது நாள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே தீர்மானிக்கிறது. மணல் சூடேற ஏறப் பெண் குஞ்சுகள் கூடிக்கொண்டே போகும். வடதுருவத்தில் கரடியின் காலடிப் பனியைக் கரைக்கிற அதே வெப்பம் பெசன்ட் நகர் மணலுக்குள்ளும் புகுந்திருக்கிறது.

இந்த ஆமைகளுக்காகச் சென்னையில் இரவு நடை ஐம்பது வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் எழுபதுகளில் கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடினார்கள். அவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர், சென்னை ஐஐடியில் படிக்க வந்தவர். இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தை ஆமைகளுக்காகக் காலாலேயே அளந்தவர். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் மாதக்கணக்கில் தன்னந்தனியாக இருந்தார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்க்க, மனைவிக்கே போய்ச் சேர்ந்தது. 2023இல் அவர் மறைந்தபோது இந்த ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

1988இலிருந்து அந்த நடையைத் தொடர்வது மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, சுமார் ஏழு கிலோமீட்டர், சீசன் முழுவதும் இரவுதோறும் நடக்கிறார்கள். எல்லாரும் தன்னார்வலர்கள், பகலில் கல்லூரிக்கோ வேலைக்கோ போகிறவர்கள். வாரக் கடைசிகளில் நம்மையும் கூட்டிப்போகிறார்கள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் மூன்று பேர் போனோம்: நான், அந்தச் சிறுமி, அவள் தாத்தா. தாத்தா வாகினி சினிமா ஸ்டுடியோவில் லைட்மேனாக இருந்தவர். டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சம் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கண் பழகப் பழக இருட்டே வெளிச்சமாகிவிட்டது. பாலவாக்கம் தாண்டி ஒரு தடம் கண்ணில் பட்டது, டிராக்டர் டயர் ஏறி இறங்கிய மாதிரி. தடம் முடியும் இடத்தில் ஒரு பையன் மெல்லிய கோலை மணலில் மெதுவாக அழுத்தி, இளகிய இடத்தைக் கண்டுபிடித்தான். மண்டியிட்டுக் கையால் தோண்டினால், பிங்பாங் பந்து போல வெள்ளை உருண்டைகள். புரளாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தார்கள். விடிவதற்குள் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில், தாய் பறித்த அதே ஆழத்தில், அதே பானை வடிவக் குழியில் அவை மறுபடி புதைந்தன.

ஏன் அங்கேயே விடக் கூடாது என்று சிறுமி கேட்டாள். நாய்கள் தோண்டித் தின்னும் என்றார்கள். அதற்குத் தப்பினாலும் விளக்கு இருக்கிறது. குஞ்சுகள் இரவில்தான் மணலைப் பிளந்து வரும். எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே கடல் என்பது அவற்றின் கணக்கு. வானம் பிரதிபலிக்கும் கடல்தானே லட்சக்கணக்கான வருடங்களாக இரவின் வெளிச்சமான பக்கம்! இப்போது வெளிச்சம் சாலைப் பக்கம் இருக்கிறது. உயர்கம்ப விளக்கை நோக்கித் தவழ்ந்துபோய் டயரில் நசுங்கும், காலையில் வெயிலில் காய்ந்துபோகும்.

தாத்தா நின்றுவிட்டார். “உயரத்துல லைட்டைக் கட்டி நீலத் தாளை மாட்டினா நிலா. நாப்பது வருஷம் அப்படித்தாம்மா நிலா போட்டோம். பாக்குறவங்க நம்பிடுவாங்க” என்றார். பிறகு வெகுதூரம் பேசாமல் நடந்தார்.

கரையில் இத்தனை கை காத்திருந்தும், 2025 ஜனவரியில் நடந்ததை மறக்க முடியவில்லை. பொங்கலையொட்டிய அந்த நாட்களில் சென்னையிலும் அக்கம்பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுபடும் இழுவலைக்குள் சிக்கினால் கடலிலேயே மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்பது விதி. ஆமைகள் கூடுவதோ அந்த எல்லைக்குள்தான். வலையின் கழுத்தில் ஒரு கம்பித் தடுப்பு வைத்தால் மீன் உள்ளே போகும், ஆமை மேல் திறப்பு வழியாகத் தப்பிவிடும். வரும் மீனில் கொஞ்சமும் அதோடு போய்விடுகிறது என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். கடனில் ஓடும் படகின் கவலை அது, எனக்குப் புரிகிறது. அந்த இழப்பை அரசு ஈடுகட்டட்டும், ஆனால் தடுப்பு வந்தே ஆக வேண்டும். நம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக வகுத்தது. தாய் ஆமைகள் கரையேறி முடித்த பிறகுதான் அது தொடங்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையாவது கரையோர இழுவலையைக் கண்டிப்பாகத் தடுக்காவிட்டால், இரவெல்லாம் நடந்து முட்டை பொறுக்கும் அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு என்ன பலன்?

காணும் பொங்கலன்று நாம் லட்சக்கணக்கில் கடற்கரைக்குப் போகிறோம். போகத்தான் வேண்டும், அது நம் திருநாள். தின்பண்டம் கொண்டுபோன பைகளைத் திருப்பிக் கொண்டுவரலாம். கடலோரத்தில் குடியிருப்பவர்கள் ஆமைகள் வரும் மூன்று நான்கு மாதம் கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைக்கலாம். கோடம்பாக்கத்தில் இருப்பவருக்கு இதில் என்ன என்று தோன்றும். வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தி.நகர் வழியாகப் போகும் மாம்பலம் கால்வாய் அடையாற்றில்தான் விழுகிறது. அந்த ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் பெசன்ட் நகரை ஒட்டியே இருக்கிறது. பாண்டி பஜார் பக்கம் நாம் எறியும் பாலிதீன் பை எங்கே போகும் என்பதற்கு வரைபடம் பார்க்கத் தேவையில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் பொரிப்பகத்திலிருந்து தகவல் வந்தது. இருட்டியதும் போனோம். கூடையைச் சாய்த்ததும் உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் குஞ்சுகள் மணலில் பரவின. தண்ணீரில் தூக்கி விடமாட்டார்கள். மணலில் தவழ்ந்து அவை தாமே கடலை அடைய வேண்டும். சிறுமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எண்ணிக்கொண்டே நின்றாள். முப்பதோ நாற்பதோ எண்ணியபோது இரண்டு குஞ்சுகள் சாலைப் பக்கம் திரும்பின.

தாத்தா தோள் துண்டை உதறி, இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து, தெருவிளக்குக்கும் குஞ்சுகளுக்கும் நடுவில் போய் நின்றார். மணலில் நீளமாய் ஒரு நிழல் விழுந்தது. “கட்டர்” என்றார் பேத்தியைப் பார்த்து, செட்டில் வெளிச்சத்தை மறைக்கச் சொல்கிற மாதிரியே. இரண்டில் ஒன்று உடனே திரும்பியது. மற்றது கொஞ்சம் யோசித்தது.