குழந்தைகளுடன் தலைநகரில்

சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு டில்லியைச் சுற்றிப் பார்ப்பது சாத்தியந்தானா என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் வினவுவதுண்டு. சென்ற பூஜை விடுமுறையில் ஜாம்ஷெட்பூரிலிருந்து புறப்பட்டு, நான்கு நாட்கள் அங்கே தங்கி வந்தோம். நாங்கள் இருவர், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த எங்கள் தாயார், எட்டு வயதுப் பெண், மூன்று வயது நிறையாத பையன் ஆக ஐவர்.

முதலில் நாள் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் அன்று. திங்கட்கிழமைகளில் செங்கோட்டை, ரயில் காட்சிசாலை, சங்கர் பொம்மைக் காட்சிசாலை மூன்றும் மூடியிருக்கும். மிருகக்காட்சிசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகின்றன. மே, ஜூன் வெயிலோ பெரியவர்களையே வாட்டிவிடும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்கள் உத்தமம். பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் நம்மைப் போன்றோர் பூஜைக் காலத்தில்தான் போக முடியும்.

நகருக்குள் மெட்ரோ ரயிலே கைகொடுக்கிறது. 2002ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த ரயிலில், பெரியவர்களுடன் வரும் 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. நம் பையனோ, தான் பெரியவன் என்று காட்ட நுழைவாயிலில் கால் விரல்களை ஊன்றி எக்கி நின்றான்! காவலர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

1648இல் ஷாஜஹான் கட்டி முடித்த செங்கோட்டையில் அவன் கண்டதெல்லாம் அணில்களைத்தான். சாணக்கியபுரியில் 1977இல் திறக்கப்பட்ட ரயில் காட்சிசாலையில்தான் குழந்தைகளின் உள்ளம் மலர்ந்தது. பட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள ரயிலை அவசியம் பார்க்க வேண்டும். அதன் சுமையைத் தாங்குவது ஒரே தண்டவாளம். கவிழாதிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையிலேயே உருண்டு வரும். அங்கிருந்து பையனைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாம் நாள் குதுப்மினார். மெட்ரோ நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவு. முதியவர்கள் உடனிருந்தால் ஆட்டோ வைத்துக்கொள்வது நலம். ஏறத்தாழ 73 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தினுள் 379 படிகள் உண்டென்று பெண் எங்கோ படித்திருந்தாள். அத்தனையையும் எண்ணிக்கொண்டே ஏறுவதென்று ரயிலிலேயே தீர்மானம் செய்திருந்தாள். வாயில் பூட்டியிருந்தது.

“ஏன் அப்பா பூட்டி வைத்திருக்கிறார்கள்?” என்றாள்.

ஏதேனும் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு உள்ளதைச் சொன்னோம். 1981 டிசம்பர் 4ஆம் தேதி படிக்கட்டினுள் விளக்குகள் அணைந்துபோயின. இருளில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அதன்பின் பொதுமக்களை மேலே ஏற விடுவதில்லை.

அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். “அவர்கள் அம்மாவெல்லாம் கூட வரவில்லையா?” என்று மட்டும் கேட்டாள். பாட்டி அவளை அருகே இழுத்து அணைத்துக்கொண்டார்.

அந்த வளாகத்திலேயே நிற்கும் இரும்புத் தூண் எஃகு நகரவாசிகளாகிய நமக்கு நெருங்கிய உறவு எனலாம். குப்தர் காலத்தது, ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடை, சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துரு அரித்துவிடவில்லை. அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருக்கிறது என்பது விஞ்ஞானிகள் கண்ட விளக்கம். முன்னெல்லாம் மக்கள் தூணில் முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்துப் பார்ப்பார்களாம். இப்போது சுற்றிலும் வேலி. தொழிற்சாலைக் குடும்பங்கள் இதைப் பார்க்காமல் திரும்புவது தகாது.

அன்று மாலை ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குச் சென்றோம். டில்லித் தமிழர்கள் முயன்று எழுப்பிய உத்தர சுவாமிமலை அது. 1973 ஜூன் 7ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. அடிவாரத்தில் எங்கள் தாயார் மூச்சு வாங்கி நின்றார். “நம் ஊர்ச் சுவாமிமலையில் 60 படி, குழந்தே. தமிழ் வருஷத்துக்கு ஒரு படி. பிரபவ, விபவ என்று சொல்லிக்கொண்டே ஏறுவோம்” என்றார்.

பெண் படிகளை ஒருமுறை நோக்கினாள். பிறகு ஒரு கையில் தம்பியையும் மறு கையில் பாட்டியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, “அடுத்தது என்ன பாட்டி?” என்று கேட்டவாறே ஏறத் தொடங்கினாள். தொடர்ந்து வந்த எங்களுக்குச் சுக்கில வருஷத்துக்கு மேல் பெயர் தெரியவில்லை. பாட்டி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.