வீட்டுக் கவர் மாட்டு வயிற்றுக்குப் போகும் வழி

(வானொலி பண்ணை நிகழ்ச்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியது)

இன்றைக்கு நான் பேசப்போவது உரத்தைப் பற்றியோ விதையைப் பற்றியோ இல்லை. கடையிலே கால் கிலோ வெங்காயம் வாங்கினால் கூடவே சும்மா ஒரு கவர் கொடுக்கிறார்களே, அந்தக் கவரைப் பற்றித்தான். "இதிலே பேச என்ன இருக்கு?" என்று நினைப்பீங்க. இருக்கிறது. நான் மாட்டு வைத்தியம் பார்க்கிறவன். அந்தக் கவர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதை அறுத்துப் பார்த்தவன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஊரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. கலப்பின மாடு. இரண்டு ஈற்று ஈன்று, அடுத்த ஈற்றுக்கு ஏழு மாதச் சினை. கடன் வாங்கிப் பிடித்த மாடு. ஒரு மாதமாகவே தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அடிக்கடி வயிறு உப்பிக்கொள்கிறது. சாணம் கொஞ்சமாகத்தான் போடுகிறது. கைவைத்தியமெல்லாம் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. இடது விலாப்பக்கம் கையை வைத்து அமுக்கிப் பார்த்தேன். உள்ளே ஏதோ திரண்டு கிடப்பது தெரிந்தது. மறுநாள் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தோம். மாடு மறுநாள் வரைக்கும் தாங்கவில்லை.

அறுத்துப் பார்த்தோம். முதல் வயிற்றிலே ஒரு கூடை நிறையக் கவர். நைலான் கயிற்றுத் துண்டும் சேர்ந்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, வடம் திரித்த மாதிரி கிடந்தது. ஒரு கவரைக் கழுவி விரித்தால், அந்த ஊர் மளிகைக் கடையின் பெயர்கூட அழியவில்லை. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டுக் கவருங்கய்யா, நான்தானே வீசினேன்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாங்க.

அவங்க மாட்டுக்கு வஞ்சனை செய்தவங்க இல்லை. தான் சாப்பிடும் முன்னால் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறவங்க. மீந்த சோற்றையும் காய்த் தோலையும் ஒரு கவரிலே போட்டு, முடிச்சுப் போட்டு, எருக்குழியிலே வீசினாங்க. நம்மில் எத்தனை வீட்டில் இதைச் செய்யவில்லை, சொல்லுங்கள்?

மாடு ஏன் கவரைத் தின்கிறது?

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு அப்படி இல்லை. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றி வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிறகுதான் சாவகாசமாக அசைபோடும். கவருக்குள்ளே உப்பும் புளிப்புமாகச் சோற்று வாசனை வந்தால், முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குத் தெரியுமா? கவரோடு விழுங்கிவிடுகிறது.

மாட்டின் முதல் வயிறு பெரியது. வளர்ந்த மாட்டுக்கு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். வைக்கோலையும் புல்லையும் அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துச் செரிக்கச் செய்கின்றன. ஆனால் பிளாஸ்டிக்கை அவை ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வயிற்றுக்குப் போகும் வழியோ சிறியது. நன்றாக அரைபட்டு நைந்த தீவனம்தான் அந்த வழியாகப் போகும். கவர் போகாது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். இடம் அடைபட்டுவிட்டதால் மாடு தீவனத்தைக் குறைக்கும், அசைபோடுவது குறையும், பால் வற்றும், எலும்பு தெரிய இளைக்கும். குடற்புழு என்று நினைத்து மருந்து கொடுப்போம். கேட்காது. பிளாஸ்டிக்கைக் கரைக்கிற மருந்து உலகத்திலே எங்கும் இல்லை. வயிற்றைக் கிழித்து எடுப்பது ஒன்றுதான் வழி.

2019 அக்டோபர் மாதம் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பல மணி நேரம் பிடித்தது. வெளியே எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. அரை மூட்டை நெல்லைவிட அதிகமான பாரத்தை அந்த ஜீவன் வயிற்றிலே சுமந்துகொண்டு பாலும் கொடுத்திருக்கிறது. பட்டணத்து மாடுதானே தெருவில் மேயும், நம்ம ஊர் மாடு கட்டுத்தறியில்தானே நிற்கிறது என்று இருந்துவிடாதீர்கள். கழுநீர்த் தொட்டி வழியாகவும் வரும், எருக்குழி வழியாகவும் வரும், அறுவடை முடிந்து மேய விட்ட வயல் வழியாகவும் வரும்.

எருக்குழியிலிருந்து வயலுக்கு

வயலுக்கு எப்படி வந்தது என்று கேட்பீங்க. எருவோடு நாமே வண்டி ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். சாணமும் குப்பையும் ஒரு வருஷத்தில் மக்கிவிடும். கவர் மக்காது. வெயிலில் காய்ந்து நார்நாராக, துண்டு துண்டாக உடையும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத தூளானாலும் அது பிளாஸ்டிக்தான். உழும்போது கொழுவிலே சுற்றிக்கொள்ளும். மண்ணுக்குள்ளே மடிந்து கிடக்கிற இடத்தில் தண்ணீர் இறங்காது, வேர் ஓடாது. அந்தத் துண்டு வைக்கோலோடு சேர்ந்து திரும்பவும் மாட்டுக்கே வரும்.

உரச் சாக்கும் அப்படித்தான். வெயிலிலே கிடந்த யூரியா சாக்கு கை பட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறதல்லவா? அதன்மேல் தானியம் காயப்போட்டாலும், தீவனம் கொட்டினாலும், அந்த நூல் எல்லாவற்றிலும் கலந்துவிடும். நைந்த சாக்கை உடனே ஒதுக்கிவிடுங்கள்.

அடுப்பிலே போட்டால் தீர்ந்துபோகுமா?

விறகு பற்ற வைக்க ஒரு கவரைக் கொளுத்திப் போடுவது பல வீடுகளில் வழக்கம். உருகிச் சொட்டிச் சொட்டி எரியும், சட்டென்று பற்றும். ஆனால் அந்தப் புகையை முதலில் குடிப்பது அடுப்படியில் நிற்கிற தாயும், பக்கத்திலே உட்கார்ந்திருக்கிற குழந்தையும். அதிலும் பி.வி.சி. குழாய்த் துண்டு, ஒயர், செருப்பு, ரெக்சின் இவற்றை எரித்தால் டையாக்சின் என்கிற கொடிய நஞ்சு உண்டாகிறது. அது சாம்பலோடும் புகையோடும் புல்லிலே படியும். அந்தப் புல்லை மாடு தின்றால் கொழுப்பிலே சேர்ந்து பாலிலும் வரும். வெளியே போனது என்று நினைத்தது நம்ம வீட்டுப் பால் சொம்புக்கே திரும்பி வருகிறது. தேங்காய் மட்டை, பன்னாடை, சோளத்தட்டு, கடலைத்தொலி இருக்கும்போது நமக்கு எதற்கு அந்தக் கவர்?

ஆக, வீசினாலும் ஆபத்து, புதைத்தாலும் ஆபத்து, எரித்தாலும் ஆபத்து. வீட்டு வாசலிலேயே நிறுத்துவதுதான் சுலபம்.

வாசலிலேயே நிறுத்துவது எப்படி?

முதல் வேலை, ஒரு வாரம் கணக்குப் பாருங்கள். வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு கவரையும் ஒரு ஆணியிலே மாட்டி வையுங்கள். ஏழாம் நாள் பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். தினம் நாலு கவர் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,460. இருநூறு வீடு உள்ள ஊரென்றால் 2 லட்சத்து 92 ஆயிரம். இத்தனையும் ஊர் எல்லைக்குள்ளேதான் கிடக்கும். எந்தச் சாமானால் அதிகக் கவர் வருகிறது என்பதும் அந்த ஆணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பையை வீட்டுக்குள்ளே மடித்து வைத்தால் மறந்துபோகும். சைக்கிள் கைப்பிடியிலே, வண்டிப் பெட்டியிலே, மேல்துண்டு மாட்டுகிற கொடியிலே ஒரு துணிப்பை எப்போதும் இருக்கட்டும். பழைய வேட்டியும் பாவாடையும் இருந்தால் தையற்காரர் இரண்டு பை தைத்துக் கொடுப்பார்.

கறி, மீன் வாங்கத் தூக்குச்சட்டி கொண்டு போங்கள். தூக்குவாளி, தூக்குப்போசி என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். எதுவானாலும் மூடியுள்ள பாத்திரம் போதும். தேக்கிலையிலும் தாமரை இலையிலும் கறி மடித்து வாங்கியது நமக்கு ஒன்றும் புதிது இல்லை. எண்ணெய்க்குப் பாட்டில், மாவுக்குப் பாத்திரம், பருப்பு பயறுக்குத் தாள் பொட்டலம். பூ வாங்கினால் வாழை இலையில் மடித்துத் தரச் சொல்லுங்கள்.

நடவுக்கும் களைக்கும் ஆள் விட்டால் டீ வாங்கிப் போகிறோம். கொதிக்கக் கொதிக்கக் கவரிலே ஊற்றி, ரப்பர் பாண்டு போட்டுத் தருகிறார்கள். குடித்து முடித்ததும் அந்தக் கவரும் கப்பும் வரப்பிலேயே கிடக்கின்றன. "காகிதக் கப்புதானே" என்று சொல்வாங்க. அந்தக் கப்பின் உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடுமே! கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020ஆம் ஆண்டு சோதித்துச் சொன்னது இது: அப்படிப்பட்ட கப்பிலே 100 மில்லி சுடுநீரை 15 நிமிஷம் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்துவிடுகின்றன. ஒரு எவர்சில்வர் தூக்கும் பத்து டம்ளரும் வாங்கி வைத்தால் எத்தனை வருஷத்து நடவுக்கு ஆகும், யோசியுங்கள்.

கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு என்று விசேஷம் வந்தால் கவனமாக இருங்கள். மேசை மேலே விரிக்கிற பிளாஸ்டிக் தாள், வாழை இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த தாள், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட் எல்லாம் ஒரே நாளில் குவிந்துவிடும். எச்சில் வாசனையோடு கிடக்கிற அந்தக் குவியலைத்தான் மாடு முதலில் தேடிப் போகும். இன்னொன்றும் சொல்கிறேன். வாழை பயிரிடுகிறவன் நம்ம பக்கத்து வயல்காரன். அவன் இலையை விட்டுவிட்டு இலை போட்ட பிளாஸ்டிக்கைக் காசு கொடுத்து வாங்குவது நமக்கே அழகாக இருக்கிறதா? வாழை இலை, மந்தாரைத் தையல் இலை, பாக்கு மட்டைத் தட்டு எதுவானாலும் சாப்பிட்ட பிறகு எருக்குழிக்குப் போகும், மண்ணுக்கே உரமாகும்.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொட்டுநீர்க் குழாய் வேண்டும், தண்ணீர்க் குடம் வேண்டும். அவை வருஷக்கணக்கில் உழைக்கின்றன. பத்து நிமிஷம் கையிலிருந்துவிட்டுக் காலத்துக்கும் மண்ணிலே கிடக்கிறதே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வந்துவிட்டதை என்ன செய்வது?

பால் கவர், பிஸ்கட் கவர், சோப்புத் தூள் கவர் இவை வரத்தான் செய்யும். அவற்றைக் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கிலே சேருங்கள். பால் கவரை வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டிக்காதீர்கள். கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துண்டுதான் கழுநீரிலே விழுந்து காணாமல் போவது. சாக்கு நிறைந்ததும் ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். சுத்தமாகப் பிரித்துக் கொடுத்த பிளாஸ்டிக்குக்கு உபயோகம் உண்டு. அதைத் துருவித் தாரோடு சேர்த்து ரோடு போடும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டு சொன்னார். 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சேறும் சோறும் ஒட்டிய கவரால் அந்த உபயோகமும் இல்லை.

மீந்த சோறு, காய்த் தோல் எதையும் கவரில் கட்டி வீசாதீர்கள். சாப்பிடத் தகுந்ததை நேராகத் தொட்டியில் போடுங்கள், மற்றதை நேராகக் குழியில் கொட்டுங்கள். கழுநீரை மாட்டுக்கு வைக்கும் முன்னால் ஒரு தடவை கையைவிட்டுத் துழாவிப் பாருங்கள். எரு அள்ளும்போது கண்ணில் படுகிற கவரைப் பொறுக்கித் தனியே போடுங்கள். அறுந்த நைலான் கயிற்றைக் கட்டுத்தறியில் விடாதீர்கள். பூச்சி மருந்து வந்த டப்பாவையும் பாட்டிலையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுப் புழக்கத்துக்கு எடுக்காதீர்கள். கழுவினாலும் விஷம் விஷம்தான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை இருக்கிறது. எந்தக் கனத்துப் பிளாஸ்டிக் கைப்பையும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும், தண்ணீர் பாக்கெட்டும் அதில் அடங்கும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பல பொருள்களுக்குத் தடை வந்தது. ஆனாலும் கடையிலே கவர் நீட்டுகிறார்கள், நாமும் வாங்குகிறோம். சட்டம் கடை வரைக்கும்தான் வரும். நம்ம வீட்டு எருக்குழி வரைக்கும் வந்து பார்க்க அதனால் முடியாது. அங்கே பார்க்க வேண்டியது நாம்தான்.

ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு வந்தால் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நாளைக்குக் கடைக்காரர் கவரை எடுக்கும்போது, "வேண்டாங்க, பை இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கட்டுத்தறியில் நிற்கிற வாயில்லா ஜீவனுக்காகச் சொல்லுகிற வார்த்தை அது.