கணக்கும் பிள்ளையும் – 17
சரியான விடையையும் விசாரியுங்கள்

தவணைப் பரீட்சைப் புள்ளி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று போன கிழமை பார்த்தோம். இந்தக் கிழமை பிள்ளையின் மனப்பாங்கை அளப்பது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கிடையில் பெனி குறுக்கே வந்துவிட்டான்.

பெனி அமெரிக்காவில் ஆறாம் வகுப்பில் படித்த பன்னிரண்டு வயதுப் பையன். ஸ்ரான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973இல் அவனைப் பற்றி எழுதிய கட்டுரையை இந்தக் கிழமை எடுத்தேன், கீழே வைக்க முடியவில்லை. அவனுடைய பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் தானாகவே பயிற்சித் தாள்களைச் செய்துகொண்டு போகும். சோதனையில் நூற்றுக்கு 80 எடுத்தால் அடுத்த படி. பெனி அப்படியே படிப்படியாக ஏறி வந்தவன். ஆசிரியரின் கணக்கில் நல்ல பிள்ளை.

எர்ல்வாங்கர் அவனருகில் இருந்து, 2/10ஐத் தசமத்தில் எழுதச் சொன்னார். பெனி 1.2 என்றான். 5/10க்கு 1.5. 400/400க்கு 8.00. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டி, நடுவில் ஒரு புள்ளியை வைத்தால் அவனுக்கு விடை வந்துவிடும். 4/11, 11/4 இரண்டுக்கும் 1.5 என்றுதான் வரும் என்றும் சொன்னான். இரண்டும் எப்படி ஒன்றாகும் என்ற கேள்வி அவனுக்கு எழவில்லை.

இப்படி நினைக்கிற பிள்ளை 80 எடுத்தது எப்படி? திருத்துவதற்கான விடைத்தாளில் 1/2 என்று இருக்கும். பெனி 2/4 என்று எழுதினால் பிழை என்று வரும். உடனே வேறொரு வடிவத்தில் எழுதிப் பார்ப்பான். விடைத்தாளோடு பொருந்தும் வரைக்கும் தேடுவான். இப்படியே வருடக்கணக்காகத் தேடியவன், கணக்கு என்பது யாரோ ஒரு கெட்டிக்காரன் உண்டாக்கிவிட்ட விதிகள், அதற்குள் காரணம் தேடி வேலையில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டான். அவனுடைய மனப்பாங்கு அது. அவனுடைய பிழை விதிகளைப் பெற்றெடுத்ததும் அதுதான். திறனை ஒரு தாளிலும் மனப்பாங்கை வேறொரு தாளிலும் அளக்கலாம் என்று நினைப்பவர்கள் பெனியை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இனி எங்கள் ஊரான தெல்லிப்பழைக்கு வருவோம். அம்பனைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, தரம் 8, மாலையில் எங்கள் விறாந்தைக்கு வரும். தாய் மரக்கறி விற்கிறவர். விடுமுறை நாட்களில் பிள்ளையும் கூடப் போய் நிற்கும். 0.6, 0.45 இரண்டையும் எழுதிக் கொடுத்து, எது பெரிது என்று கேட்டேன். 0.45க்கு வட்டம் போட்டது.

"ஏன் பிள்ளை?"

"நாப்பத்தைஞ்சு ஆறிலும் பார்க்கப் பெரிசுதானே சேர்."

தராசில் நிறுக்கும்போது இப்படிப் பிழை வருவதில்லையா என்று கேட்டேன். ஒருநாளும் வந்ததில்லையாம். எனக்கும் விளங்கவில்லை. பிறகு, தராசில் எப்படித் தெரியும் என்று எழுதிக் காட்டச் சொன்னேன். பிள்ளை 0.600 என்றும் 0.450 என்றும் எழுதியது. அவர்களுடைய டிஜிற்றல் தராசு எப்போதும் மூன்று தசமதானம் காட்டும். அறுநூறு, நானூற்றைம்பது என்று முழு எண்களாக வாசித்தாலே போதும், பிழைக்க இடமில்லை. வெற்றிடத்தைத் தராசே பூச்சியத்தால் நிரப்பிக் கொடுக்கிறது. தவறான விதியோடு ஒரு பிள்ளை எத்தனையோ கிலோ கத்தரிக்காயைச் சரியாக நிறுத்துக் கொடுத்திருக்கிறது!

வகுப்பறையிலும் இதுதான் நடக்கிறது. 0.3, 0.7 எது பெரிது? 0.25, 0.38 எது பெரிது? தசமதானங்கள் சமமாக உள்ள சோடிகளையே கொடுத்தால், முழு எண்ணாக வாசிக்கும் பிள்ளைக்கும் முழுப் புள்ளி கிடைக்கும். மெல்பேணில் கேய் ஸ்ரேசியும் விக்கி ஸ்ரைன்லும் ஆக்கிய தசம ஒப்பீட்டுச் சோதனையில் சோடிகளைத் தெரிந்தெடுத்ததே இதைப் பிடிப்பதற்குத்தான். நீளமானதுதான் பெரிது என்று நினைக்கும் பிள்ளைகள் ஒரு வகை. நூறில் பங்கு பத்தில் பங்கிலும் சிறியது, ஆகவே குறுகியதுதான் பெரிது என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைப் பிள்ளை 0.6 பெரிது என்று சரியாகவே சொல்லும், 0.3, 0.45 கொடுத்தால் 0.3 பெரிது என்றும் சொல்லும். ஆகவே ஒற்றைக் கேள்வியின் சரியான விடையை நம்பி ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் தீர்மானிக்கக் கூடாது.

காரணம் தெரியாமலே விடை வருவதற்கு ஒரு பழைய சங்கதியும் உண்டு. புதுச்சேரியில் ஜோன் வாரன் என்ற அதிகாரி ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் சோகிகளை நிலத்தில் பரப்பி, மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டே 1825ஆம் ஆண்டுச் சந்திரகிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். முடிவு நேரம் அதிகமாகப் பிசகினாலும், தொடக்க நேரத்தில் பிசகு 4 நிமிடந்தான். ஆனால் அந்தக் கணிப்புக்குப் பின்னால் உள்ள வானியல் கொள்கை அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதிவைத்தார். அந்த நினைவாற்றலை நான் தலைவணங்கி மதிக்கிறேன். ஆயினும் தரம் 8 பிள்ளையிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது வேறு.

நாடளாவிய அளவீடுகளும் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் தரம் 8 கணிதத்தை 2012, 2014, 2016 ஆண்டுகளில் மாதிரி எடுத்து அளந்தது. மாகாணங்களை ஒப்பிட அது வேண்டும். ஆனால் விறாந்தையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து "எப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்பதுதான் வேண்டும்.

அதைக் கேட்டவுடன் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மனப்பாங்கு அங்கேதான் முதலில் தெரியும். அன்று இன்னொரு கணக்கு, திசைகொண்ட எண்களில். விடை சரி. எப்படி வந்தது என்று கேட்டேன். பிள்ளையின் கை உடனே அழிறப்பருக்குப் போய்விட்டது. நான் மறிப்பதற்குள் சரியான விடை பாதி அழிந்துவிட்டது. ஏன் அழித்தாய் என்றால், "பிழையெண்டால்தானே சேர் கேப்பினம்" என்றது. பிழைத்தபோது மட்டுமே காரணம் கேட்கப்பட்டு வளர்ந்த பிள்ளைக்கு, கேள்வி என்றாலே குற்றச்சாட்டு. ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: சரியான விடைக்கும் காரணம் கேளுங்கள், பிழையான விடைக்குக் கேட்கும் அதே குரலில்.

இடம் முடிகிறது, மனப்பாங்கு வினாக்கொத்து அடுத்த கிழமைக்குப் போகிறது. எலிசபெத் ஃபெனமாவும் ஜூலியா ஷெர்மனும் 1976இல் வெளியிட்ட 9 கணித மனப்பாங்கு அளவுகோல்களில் தாயைப் பற்றி ஒன்றும் தகப்பனைப் பற்றி ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. 1990 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு, தெல்லிப்பழைப் பள்ளிகள் வேறு ஊர்களில் இயங்கிய காலத்தில் கணக்குப் படித்த தாய் தகப்பன்மாரின் பிள்ளைகள்தான் இன்று தரம் 8இல் இருக்கிறார்கள். அந்த இரண்டு அளவுகோல்களில் இருந்தே தொடங்குவோம்.