பிதிரார்ஜிதமான இரத்தக் கொதிப்பு

தகப்பனார் வைத்துச் சென்ற சொத்தைப் பங்கிட வக்கீல் வீட்டுப் படி ஏறுவோர் பலர். பத்திரமும் பதிவுமின்றி மக்களை வந்தடையும் பிதிரார்ஜிதம் ஒன்றுண்டு என்பதை அவர்கள் நினைப்பதில்லை. இரத்தக் கொதிப்பையே நாம் குறிப்பிடுகிறோம். கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சமபாகம் தர நமது மாகாணத்துக்கு 1989 வரையும், இந்தியா முழுமைக்கும் 2005 வரையும் ஆயிற்று. இந்தப் பிதிரார்ஜிதத்திலோ அவர்களுக்கு ஆதிமுதல் பங்குண்டு. தாய்வழியாகவும் அது வரும்.

ஒரே அடுப்பில் சமைத்ததை உண்போர்க்கு ஒரே வியாதி வருவதில் வியப்பென்ன, இரத்த பந்தத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கனடா தேசத்து மான்ட்ரீல் நகரில் 1970களில் சுவீகாரப் பிள்ளைகளுள்ள குடும்பங்களைச் சோதித்தார்கள். பெற்ற பிள்ளைகளின் இரத்த அழுத்தம் பெற்றோரை ஒத்திருந்தது. அதே வீட்டில் வளர்ந்த சுவீகாரப் பிள்ளைகளிடம் அவ்வொற்றுமை மிகச் சொற்பமே.

அப்படியாயின் இது தலைவிதியா? அன்று. கென்யாவில் லுவோ வகுப்பார் கிராமத்தை விட்டு நைரோபி நகரில் குடியேறிய சில மாதங்களுக்குள் அவர்களுடைய இரத்த அழுத்தம் உயர்ந்ததென 1990ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. குலம் மாறவில்லை, உப்பும் உணவும் வாழ்வும் மாறின. பரம்பரை தருவது நாட்டம். அதை நோயாக வளர்ப்பதில் நமது நடைக்குப் பெரும் பங்குண்டு.

இந்நாட்டத்தை உண்டாக்குவது ஒரே மரபணுவும் அன்று. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்து 2024ல் வெளியான ஆராய்ச்சி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக் குறிகளைக் கண்டது. ஒவ்வொன்றின் பலமும் அற்பம், சேர்ந்தால் கனக்கும். ஆயினும் சோதிக்கப்பட்டோர் யாவரும் ஐரோப்பிய வம்சத்தார். அந்நியர் படிக்கல்லைக் கொண்டு நம் ஜனங்களை நிறுப்பது எங்ஙனம்? இந்தியர் 10,000 பேரின் மரபணு விவரங்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்குத் திறக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு நமது கணக்கை நாமே எழுதுவதும் சுயராஜ்யத்தின் ஓர் அங்கமாகும்.

சென்னையில் நடந்து 2007ல் வெளியான ஆராய்ச்சியில், வயது வந்தோரில் ஐவரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் அதை முன்பே அறிந்திருந்தோர் மூன்றிலொரு பங்கினரே. வலியின்றி வளர்ந்து, மூளையையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நோய் இது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பத்துப் பொருத்தம் பார்ப்போர், சம்பந்தம் தட்டிவிடுமே என்றஞ்சித் தகப்பனாரின் வியாதியை மறைக்கின்றனர். அயலாரிடம் மறைத்தது போகட்டும். பெற்ற பிள்ளைகளிடமும் மறைத்தால் அது அவர்களுக்கிழைக்கும் துரோகமல்லவா?

குடும்பத்தையே ஓர் அலகாகக் கொண்டு வைத்தியம் செய்யும் வழியை நமக்குக் காட்டியவர் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி. 1958ல் அவர் தொடங்கி, அடையாற்றை அடுத்து நடைபெறும் வாலண்டரி ஹெல்த் சர்வீஸஸ், வருவாய்க்கேற்ற சந்தாவில் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டது. அக்கொள்கையை ஸர்க்கார் விரிவாக்க வேண்டும். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தகப்பனாருக்கு மாத்திரை கொண்டுசெல்லும் ஊழியர், அவ்வீட்டில் வயது வந்த பிள்ளைகள் அனைவருக்கும் அன்றே இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவரட்டும். இதற்குப் புதுக் கருவியும் வேண்டாம், பெருஞ் செலவும் வேண்டாம்.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு கடமையுண்டு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புண்ண வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் அக்கணக்கில் சேர்ந்தவையே. இலையில் அவற்றைக் குறையுங்கள். உங்களுக்கு இந்நோய் இருக்குமாயின், உடன்பிறந்தாருக்கும், பம்பாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் மக்களுக்கும் இன்றே தெரிவியுங்கள். சொத்தின் விவரத்தை உயிலில் எழுதலாம். இதன் விவரத்தை உயிரோடிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.